கடைசி நேரத்துல முடிவு யார் கையில? வாசகர் கேள்வி - பதில்

போன இதழ்ல ஹாஸ்பிஸ் (குணமாகாத வியாதிக்காரங்களுக்கான கடைசிக்கால பராமரிப்பு) பத்தி எழுதினதுக்கு வந்த லெட்டர்ல முக்கால்வாசி லிவிங் வில், அதாவது நம்மளால பேச முடியாம போனா என்ன வைத்தியம் வேணும், வேண்டாம்னு முன்னாடியே எழுதி வைக்கறது, அதைப் பத்திதான் கேக்குது. அமெரிக்காவுல இதுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம்னு கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் ஃபார்ம் வேற, பேர் வேற, சாட்சி கணக்கு வேற, அதனால பதில் சொல்றப்ப நீங்க எந்த ஊர்லேர்ந்து எழுதினீங்கன்னு பாத்துதான் சொல்லிருக்கேன். நான் வக்கீல் இல்ல, ஆஸ்பத்திரியில சோஷியல் வொர்க்கரா இருந்தவ. சொத்து, டாக்ஸ், ட்ரஸ்ட் கேள்வி எல்லாம் வக்கீல்கிட்டயே கேளுங்க.

அக்கா, நியூ ஜெர்சி எடிசன்ல வீடு வாங்கினப்பவே நானும் வீட்டுக்காரரும் வில் எழுதிட்டோம். இப்ப வக்கீல் லிவிங் வில்னு இன்னொண்ணு வேணும்ங்கறார். ரெண்டும் ஒண்ணுதானே? இன்னொரு ஃபீஸுக்கு வழி பண்றாரா?

ஃபீஸ் சமாச்சாரம் எனக்குத் தெரியாதும்மா, ஆனா அவர் சொல்றது சரி. நீங்க எழுதின வில் நீங்க போனதுக்கு அப்புறம்தான் செல்லும். இது நீங்க உயிரோட இருந்து, ஆனா நினைவு இல்லாம, இல்ல சொன்னது புரியாத நிலைமையில கிடக்கறப்போ உங்களுக்கு என்ன வைத்தியம் வேணும் என்ன வேண்டாம்ங்கறதுக்கு. நியூ ஜெர்சி 1991-ல போட்ட சட்டப்படி இதுல ரெண்டு பகுதி. ஒண்ணு இன்ஸ்ட்ரக்ஷன் டைரக்டிவ், அதாவது வென்டிலேட்டர் வேணுமா, ஃபீடிங் ட்யூப் (வாயால சாப்பிட முடியாதவங்களுக்கு ஆகாரம் போற குழாய்) வேணுமான்னு நீங்களே எழுதி வைக்கறது, இதைத்தான் ஊர்ல லிவிங் வில்ங்கறாங்க. இன்னொண்ணு ப்ராக்ஸி டைரக்டிவ், எனக்கு பதிலா டாக்டர்கிட்ட பேச வேண்டியது இவங்கன்னு ஒருத்தர் பேரைப் போடறது. ரெண்டையும் ஒரே ஃபார்ம்லயும் எழுதலாம். பெரியவங்க ரெண்டு பேர் சாட்சி போட்டா போதும், இல்லன்னா நோட்டரி, ஆனா ப்ராக்ஸியா யார் பேரைப் போடறீங்களோ அவங்க சாட்சி போடக்கூடாது.

ரெண்டுல ஒண்ணுதான் செய்வேன்னு நீங்க அடம் பிடிச்சா நான் ப்ராக்ஸியைத்தான் சொல்வேன். ஆஸ்பத்திரியில நடக்கறது எதுவும் ஃபார்ம்ல இருக்கற மாதிரி நடக்காது. "குணமாகாத நிலை வந்தா வென்டிலேட்டர் வேண்டாம்"னு எழுதி வச்சிருப்பாங்க, ஆனா நிமோனியாவுக்கு நாலு நாள் வென்டிலேட்டர் போட்டா எழுந்து உக்காரலாம்னு டாக்டர் சொல்வார், அப்ப அந்த வரியை வச்சுக்கிட்டு என்ன பண்றது? கேள்வி கேட்டு, யோசிச்சு, சரி நாலு நாள் போடுங்க, அப்புறம் பாப்போம்னு சொல்ல ஒரு ஆள் வேணும். பேப்பர் அதைச் சொல்லாது.

எங்களுக்கு 38, 35 வயசுதான். இதெல்லாம் அறுபதுக்கு மேல பாத்துக்கலாம்னு நினைக்கிறேன். நல்ல நாளும் அதுவுமா இந்தப் பேச்சு எதுக்குன்னு மாமியாரும் கத்தறாங்க. (ஆஸ்டின் வாசகி)

மாமியார் கத்தறது நியாயம்தான், நம்ம வீட்ல எல்லாரும் அப்படித்தான். ஆனா இந்த நாட்டுல இந்தச் சட்டமெல்லாம் வந்ததுக்குக் காரணமான மூணு கேஸ்ல ஒருத்தர் கூட வயசானவங்க இல்ல. கேரன் ஆன் குயின்லனுக்கு 21 வயசு, 1975-ல நியூ ஜெர்சியில நினைவு தப்பி விழுந்தாங்க, வென்டிலேட்டரை எடுக்கணும்னு அப்பா அம்மா கேட்டு மாநில சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1976-ல ஜெயிச்சாங்க, எடுத்தப்புறமும் அந்தப் பொண்ணு தானாவே மூச்சு விட்டு 1985 வரைக்கும் இருந்தது. அதே 1976-லதான் கலிஃபோர்னியா நாட்டுலயே முதல் லிவிங் வில் சட்டத்தைப் போட்டது. மிசௌரியில நான்சி க்ரூசனுக்கு 25 வயசு, 1983-ல கார் ஆக்ஸிடென்ட். ஃப்ளோரிடாவுல டெரி ஷையாவோவுக்கு 26, 1990-ல வீட்லயே மயங்கி விழுந்தாங்க.

டெரி கேஸ்ல என்ன ஆச்சுன்னு மட்டும் மாமியாருக்குச் சொல்லுங்க. எழுத்துல ஒண்ணுமே இல்ல. நினைவு திரும்பாம ஃபீடிங் ட்யூப்ல இப்படி இருக்க அவ விரும்ப மாட்டான்னு புருஷன் சொன்னார், இல்ல அவ இருக்கட்டும்னு பெத்தவங்க சொன்னாங்க. 1998-ல கோர்ட்டுக்குப் போன வழக்கு 2005 வரைக்கும் இழுத்தது, ட்யூபை எடுத்தாங்க, திரும்பப் போட்டாங்க, மறுபடி எடுத்தாங்க, திரும்பப் போட்டாங்க, கடைசியா 2005 மார்ச்ல எடுத்தப்போ அமெரிக்க காங்கிரஸே ராத்திரியோட ராத்திரியா ஒரு தனிச் சட்டம் போட்டு ஜனாதிபதி கையெழுத்தும் ஆச்சு, அப்பவும் கோர்ட் மாத்தலை. 15 வருஷம். அந்த மாப்பிள்ளையும் மாமனார் வீடும் அதுக்கு முன்னாடி ஒரே வீட்டு மனுஷங்களா ஒத்துமையா இருந்தவங்கதான்.

நாங்க எல்லாத்தையும் வாயால பேசி வச்சிருக்கோம். என் மனைவிக்கு என் மனசு தெரியும். அது போதாதா? (செயின்ட் லூயிஸ் வாசகர்)

சார், கேக்கறதுக்கு உங்க ஊரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. மேல சொன்ன நான்சி க்ரூசன் கேஸ் உங்க மிசௌரியோடதுதான். அப்பா அம்மா ட்யூபை எடுக்கச் சொன்னாங்க, அந்தப் பொண்ணே இதைத்தான் விரும்பினான்னு தெளிவான, உறுதியான ஆதாரம் கொண்டு வாங்கன்னு மாநிலம் கேட்டது, அப்படிக் கேக்க மாநிலத்துக்கு உரிமை இருக்குன்னு 1990-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே 5-க்கு 4-னு சொல்லிடுச்சு. அப்புறம் பழைய ஃப்ரெண்ட்ஸ் சில பேர் வந்து, எங்ககிட்ட சொல்லிருக்கான்னு சாட்சி சொன்னப்புறம்தான் அந்த டிசம்பர்ல ட்யூபை எடுத்தாங்க. வாய்ப்பேச்சு எடுபடவே படாதுன்னு சொல்லலை, அதைக் கோர்ட்ல நிரூபிக்கற நிலைமைக்கு ஏன் உங்க மனைவியைக் கொண்டு போய் நிறுத்தணும்ங்கறேன். ஒரு கையெழுத்து வேலை.

அந்த வருஷமே காங்கிரஸ் இன்னொரு சட்டம் போட்டது. மெடிகேர், மெடிகெய்ட்ங்கற அரசு இன்ஷூரன்ஸ் பணம் வாங்கற ஆஸ்பத்திரி எல்லாம் அட்மிஷன் அப்பவே "அட்வான்ஸ் டைரக்டிவ் இருக்கா"ன்னு (லிவிங் வில், ப்ராக்ஸி ரெண்டுக்கும் சேத்து அதான் பொதுப் பேர்) கேட்டாகணும்னு. 1991 டிசம்பர்லேர்ந்து அது நடைமுறை. இப்ப நீங்க காலு சுளுக்குன்னு போய்ப் படுத்தாலும் அந்தக் கேள்வி வருதே, அதுக்காகத்தான். பலபேர் பயந்து போயிடறாங்க, நமக்கு ஏதோ பெருசா இருக்குன்னு. ஒண்ணும் இல்ல, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். இல்லைன்னு சொன்னா வைத்தியம் பாக்காம விடவும் முடியாது.

நியூயார்க்ல இருந்தப்போ ஹெல்த் கேர் ப்ராக்ஸி எழுதினோம். இப்ப டாலஸ் வந்துட்டோம். அது இங்க செல்லுமா?

பெரும்பாலும் செல்லும், வேற மாநிலத்துல சரியா எழுதின பத்திரத்தை ஏத்துக்கற விதி டெக்ஸஸ்லயும் இருக்கு. ஆனா நான் உங்க இடத்துல இருந்தா புதுசா எழுதிடுவேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஐசியூ வாசல்ல நிக்கற நர்ஸுக்குப் பழக்கமான ஃபார்மா இருக்கணும், அவ்வளவுதான் காரணம். நியூயார்க்ல லிவிங் வில்லுக்குன்னு தனிச் சட்டமே கிடையாது, அங்க ப்ராக்ஸிதான் எல்லாம், லிவிங் வில்லை கோர்ட் தீர்ப்புகளை வச்சு மதிக்கறாங்க. டெக்ஸஸ்ல டைரக்டிவ் டு ஃபிஸிஷியன்ஸ்னு ஒண்ணு (லிவிங் வில் மாதிரி), மெடிக்கல் பவர் ஆஃப் அட்டார்னின்னு ஒண்ணு (ப்ராக்ஸி மாதிரி), ரெண்டும் தனித்தனி. ரெண்டு சாட்சி, அதுல ஒருத்தராவது சொந்தக்காரரா, சொத்து வரப்போறவரா, உங்களுக்கு வைத்தியம் பாக்கற டாக்டரோட ஆளா இருக்கக்கூடாது, இல்லன்னா நோட்டரி. அதனால அண்ணனும் அண்ணியும் சாட்சி போட்டா சரி வராது, அண்ணன் ஒருத்தர், பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்னு போட்டுக்குங்க. இது டெக்ஸஸ் கணக்கு, நார்த் கரோலினா மாதிரி ஊர்ல சாட்சியும் நோட்டரியும் சேத்தே கேட்டு வந்திருக்காங்க, எங்க இருக்கீங்களோ அந்த மாநிலத்து ஃபார்மோட கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு ஆளைக் கூப்பிடுங்க.

டெக்ஸஸ்ல இன்னும் ரெண்டு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கணும். ஃபார்ம்லயே அச்சடிச்சிருக்கும், கர்ப்பமா இருந்தா இந்த டைரக்டிவ் செல்லாதுன்னு. எனக்கு இதுல உடன்பாடு இல்ல, ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு, சின்ன வயசுப் பொண்ணுங்க தெரியாம கையெழுத்து போடக்கூடாதுன்னு சொல்றேன். இன்னொண்ணு, குடும்பம் வைத்தியத்தைத் தொடரணும்ங்கும், ஆஸ்பத்திரி இனி பலன் இல்லைங்கும், அந்தச் சண்டையில ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டி டாக்டர் பக்கம் சொல்லிடுச்சுன்னா வேற ஆஸ்பத்திரி தேடிக்கறதுக்கு முன்னெல்லாம் 10 நாள்தான் டைம், 2023 செப்டம்பர்லேர்ந்து அதை 25 நாள் ஆக்கிருக்காங்க.

கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல எங்க அத்தைக்கு 88 வயசு, ஹார்ட் ஃபெயிலியர். "என்னை ஒண்ணும் பண்ணாம விட்டுடுங்க"ன்னு அட்வான்ஸ் டைரக்டிவ்ல தெளிவா எழுதிருக்காங்க. போன மாசம் மூச்சு நின்னு 911 கூப்பிட்டோம், ஆம்புலன்ஸ்காரங்க அந்தப் பேப்பரை வாங்கிப் பாக்கக்கூட இல்ல, நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சுட்டாங்க. விலா எலும்பு உடைஞ்சு ரொம்ப கஷ்டப்பட்டு இப்ப வீட்டுக்கு வந்திருக்காங்க. அப்ப அந்தப் பேப்பர் எதுக்கு?

இந்த லெட்டரைப் படிச்சுட்டு மனசு ரொம்ப கஷ்டமா இருந்தது. ஆம்புலன்ஸ்காரங்க மேல தப்பு இல்ல. ஒரு நிமிஷத்துல அவங்க நாலு பக்கம் படிச்சு அர்த்தம் பண்ண முடியாது, டாக்டர் ஆர்டர் கையில இல்லன்னா நெஞ்சை அழுத்தித்தான் ஆகணும். அத்தைக்கு வேண்டியது போல்ஸ்ட்னு ஒரு ஃபார்ம். 1990-கள்ல ஓரிகன்ல ஆரம்பிச்சது, இப்ப பல மாநிலத்துல வேற வேற பேர்ல இருக்கு, நியூயார்க்ல மோல்ஸ்ட்ங்கறாங்க. கலிஃபோர்னியாவுல பளிச்னு ரோஸ் கலர் பேப்பர். அட்வான்ஸ் டைரக்டிவ் உங்க விருப்பம், போல்ஸ்ட் டாக்டரோட ஆர்டர், மருந்துச்சீட்டு மாதிரி. அத்தையோ அவங்க ஏஜென்டோ (ப்ராக்ஸியா பேர் போட்டிருக்கறவங்க) கையெழுத்து போடணும், டாக்டரோ நர்ஸ் ப்ராக்டிஷனரோ ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட்டோ போடணும். மூச்சு நின்னா நெஞ்சை அழுத்தவான்னு முதல் பெட்டியிலயே இருக்கும். அதை டாக்டர்கிட்ட உக்காந்து பேசி நிரப்பி, ஃப்ரிட்ஜ் கதவுல மேக்னட் போட்டு ஒட்டி வைங்க, ஆம்புலன்ஸ்காரங்க தேடற இடத்துல அது ஒண்ணு. வீட்ல இருக்கற பேரன் பேத்தி வரைக்கும் இது என்ன பேப்பர்னு சொல்லி வைங்க, ஸ்கூல் டைம்டேபிளைக் கொண்டு வந்து அது மேல ஒட்டிடப் போறாங்க.

இது எல்லாருக்கும் இல்ல. நல்லா நடமாடற ஆளுக்கு போல்ஸ்ட் வேண்டாம், பெரிய வியாதியோ ரொம்ப தளர்ச்சியோ இருக்கறவங்களுக்குத்தான். டெக்ஸஸ் வாசகர்களுக்கும் இதே கதைதான், அங்க ஆஸ்பத்திரிக்கு வெளிய செல்ற மாதிரி தனி டிஎன்ஆர் ஃபார்ம் (மூச்சு நின்னா நெஞ்சை அழுத்த வேண்டாம்ங்கற ஆர்டர்) இருக்கு.

அக்கா, அப்பாவுக்கு முத்திப் போன டிமென்ஷியா (மறதி நோய்). முழுங்க முடியலை. ட்யூப் வேண்டாம்னு அப்பா முன்னாடியே எழுதி வச்சிருக்கார். ஆனா அம்மா, "பெத்த அப்பனைப் பட்டினி போட்டுக் கொல்லப் போறியா"ன்னு கேக்கறாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியலை. (குயின்ஸ் வாசகர்)

தம்பி, எனக்கு வர்ற லெட்டர்ல அதிகம் வர்ற கேள்வி இதுதான், வாசல்ல வந்த யாருக்கும் சோறு போடாம அனுப்பாத வீட்ல இந்தக் கேள்வி வராம இருக்காது. முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன். இந்த நாட்டுச் சட்டத்துல ட்யூப் வழியா ஆகாரம் கொடுக்கறது வைத்தியம், சாப்பாடு ஊட்டறதுல சேராது, அதனால வென்டிலேட்டர் மாதிரியே வேண்டாம்னு சொல்ற உரிமை உண்டு. ஆனா உங்க நியூயார்க்ல ஒரு முடிச்சு இருக்கு, ட்யூப் ஆகாரம், தண்ணி விஷயத்துல உங்க அப்பாவோட விருப்பம் என்னன்னு ஏஜென்டுக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரியலன்னா அந்த ஒரு விஷயத்துல மட்டும் ஏஜென்டுக்கு முடிவு பண்ற அதிகாரமே கிடையாது. உங்க அப்பா எழுதியே வச்சிருக்கார், அந்தப் பிரச்சினை உங்களுக்கு இல்ல. இதைப் படிக்கற மத்த நியூயார்க்காரங்க, ப்ராக்ஸி ஃபார்ம்ல அந்த வரியைச் சும்மா விட்டிருந்தீங்கன்னா இன்னைக்கே எடுத்து நிரப்புங்க.

இப்ப அம்மா விஷயம். அவங்ககிட்ட சட்டம் பேசாதீங்க, எடுபடாது. டாக்டரை விட்டுப் பேசச் சொல்லுங்க. முத்தின டிமென்ஷியாவுல ட்யூப் போட்டா ஆயுசு கூடறதில்ல, எச்சில் நுரையீரலுக்குப் போறதும் நிக்கறதில்ல, ட்யூபைப் பிடுங்கிடுவாங்கன்னு கையைக் கட்டிப் போடற கொடுமை வேற, அதனாலதான் அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கமே இந்த நிலையில ட்யூப் வேண்டாம், கையால ஊட்டுங்கன்னு சொல்லுது. ஆமா, கையால ஊட்டறது நிக்கப்போறதில்லன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. அவங்களையே ஊட்டச் சொல்லுங்க. நல்லா குழைச்ச ரசம் சாதம் ரெண்டு ஸ்பூன், கெட்டியா கரைச்ச கஞ்சி, எது இறங்குதோ அது, வாயை மூடிக்கிட்டா அதோட நிறுத்திடணும். உதடு காயாம ஈரத்துணியால ஒத்தி விடறது கூட அம்மா செய்யலாம். என் அனுபவத்துல, கையில ஒரு வேலை கொடுத்துட்டா அந்த "பட்டினி"ங்கற வார்த்தை கொஞ்சம் கொஞ்சமா வீட்ல கேக்காமப் போயிடும். எல்லா வீட்லயும்னு சொல்ல மாட்டேன்.

அப்பா விசிட்டர் விசாவுல ஆறு மாசம் வந்திருக்கார். அவர் எழுதலாமா? இங்கிலீஷ் அவ்வளவா வராது. (சான் ஹோசே)

தாராளமா எழுதலாம். வயசு வந்தவங்க, புத்தி தெளிவா இருக்கறவங்கன்னுதான் சட்டம் பாக்குது, விசாவைக் கேக்கறதில்ல. ஃபார்மை இங்கிலீஷ்லயே நிரப்பிடுங்க, படிக்கப் போறவங்க இங்கத்த டாக்டர்ங்க. ஆனா நீங்க மொழிபெயர்த்துச் சொல்லாதீங்க, அங்கதான் வினையே, "வேண்டாம்"னு அப்பா சொன்னதை "யோசிக்கலாம்"னு சொல்ற பசங்களை நான் பாத்திருக்கேன், பாசம்தான், என்ன பண்றது. ஃபெடரல் பணம் வாங்கற ஆஸ்பத்திரி இலவசமா இன்டர்ப்ரிட்டர் தரணும், தமிழுக்கு ஃபோன்லயோ வீடியோலயோ கிடைக்கும், கேட்டு வாங்குங்க. கலிஃபோர்னியாவுல ரெண்டு சாட்சி இல்ல நோட்டரி, அப்பாவோட டாக்டரும் கிளினிக் ஆளுங்களும் சாட்சி போடக்கூடாது, ஏஜென்டா நீங்க இருந்தா நீங்களும் கூடாது, சாட்சியில ஒருத்தராவது ரத்த சொந்தமோ கல்யாண சொந்தமோ இல்லாதவரா, சொத்துல பங்கு இல்லாதவரா இருக்கணும். கோயில்ல பழகின ரெண்டு பேரைக் கூப்பிட்டு காபி கொடுத்து முடிச்சுடலாம்.

அதே பேப்பர் அப்பா திருச்சி திரும்பினதும் அங்க செல்லுமா?

அதை நம்பி இருக்காதீங்க. இந்தியாவுல இதுக்கு பார்லிமென்ட் சட்டம் இல்ல, 2018 மார்ச் 9-ம் தேதி காமன் காஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புதான் வழி. அதுல முதல்ல மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேணும்னு இருந்தது, யாரும் அந்தப் பக்கமே போகலை. 2023 ஜனவரியில அதைத் தளர்த்தினாங்க, இப்ப ரெண்டு சாட்சி, நோட்டரியோ கெஜட்டட் ஆபீஸரோ போதும், முடிவு எடுக்க வேண்டியவங்க பேரையும் அதுலயே எழுதணும். ஆனா எழுதினது நடக்கணும்னா ஆஸ்பத்திரியில ஒரு மெடிக்கல் போர்டு, அப்புறம் மாவட்ட சீஃப் மெடிக்கல் ஆபீஸர் ஒரு டாக்டரை நியமிச்சு ரெண்டாவது போர்டு, ரெண்டும் சரின்னு சொல்லணும், மாஜிஸ்ட்ரேட்டுக்கும் தகவல் போகணும். கர்நாடகா 2025 ஜனவரியில இதுக்கு அரசு சுற்றறிக்கையே போட்டது. அப்பா ஊருக்குப் போனதும் இந்திய முறைப்படி தனியா ஒண்ணு எழுதிடச் சொல்லுங்க, பக்கத்துல இருக்கற ஆள் பேரைப் போட்டு. சான் ஹோசேலேர்ந்து நீங்க ஃபிளைட் பிடிச்சுப் போறதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிருக்கும்.

எனக்கு மூணு பசங்க. யாரையும் விட்டுட மனசு வரலை, மூணு பேரையும் ஏஜென்டா போடலாமா?

வேண்டாம்மா. ஒருத்தரை முதல்ல போடுங்க, அவர் கிடைக்கலன்னா அடுத்தவர்னு வரிசையா போடுங்க. மூத்தவன்தான்னு பாக்காதீங்க, டாக்டர்கிட்ட எதிர்க்கேள்வி கேக்கற தைரியம் யாருக்கு இருக்கு, ஃபோன் எடுக்கறது யாரு, தனக்குப் பிடிக்காட்டியும் நீங்க சொன்னபடி செய்யறது யாருன்னு பாருங்க. மத்த ரெண்டு பேர்கிட்டயும் ஏன் இவளைப் போட்டேன்னு இப்பவே சொல்லிடுங்க, இல்லன்னா ஆஸ்பத்திரி காரிடார்ல வெடிக்கும்.

பொண்ணு காலேஜ் போறா, 18 ஆச்சு. அவளுக்கும் வேணுமா?

வேணும். 18 ஆன அன்னைக்கே பெத்தவங்கங்கற முறையில உங்களுக்கு இருந்த அதிகாரம் போச்சு, அவ டாக்டர் உங்ககிட்ட பேசணும்னாலே அவ சம்மதம் வேணும். ப்ராக்ஸியும் ஹிப்பா ஃபார்மும் (உங்ககிட்ட டாக்டர் பேசலாம்னு அவ கொடுக்கற சம்மதம்) டார்ம் சாமானோட சேத்து முடிச்சுடுங்க.

லிவிங் வில்ல "எனக்கு ஊசி போட்டு அனுப்பிடுங்க"ன்னு எழுதலாமா?

எழுதினாலும் செல்லாது. நீங்க சொல்றதுக்குக் கிட்டத்துல வர்றது வேற சட்டம், உயிரை முடிச்சுக்க டாக்டர் மருந்து எழுதித் தர்றது, ஓரிகன்ல 1997-லேர்ந்தும், கலிஃபோர்னியாவுல 2016-லேர்ந்தும், நியூ ஜெர்சியில 2019-லேர்ந்தும் இருக்கு, இன்னும் சில மாநிலத்துலயும் இருக்கு. அதுல ஆறு மாசத்துக்குள்ள உயிர் போகும்னு டாக்டர்கள் சொல்லியிருக்கணும், புத்தி தெளிவா இருக்கறப்போ நீங்களே கேக்கணும், மருந்தை நீங்களே சாப்பிடணும். உங்களுக்காக ஏஜென்ட் கேக்க முடியாது, டாக்டர் ஊசி போடறதுக்கு எந்த மாநிலத்துலயும் அனுமதி இல்ல.

வக்கீல் இல்லாம செய்ய முடியுமா? எழுதினதை பேங்க் லாக்கர்ல வைக்கலாமா?

வக்கீல் தேவையே இல்ல. மாநில ஹெல்த் டிபார்ட்மென்ட், அட்டார்னி ஜெனரல் ஆபீஸ் சைட்ல ஃபார்ம் ஓசியில கிடைக்கும், மெடிகேர் இருக்கறவங்களுக்கு டாக்டரோட உக்காந்து இதைப் பேசறதுக்குன்னே 2016-லேர்ந்து மெடிகேர் பணம் கொடுக்குது, ஆண்டு செக்கப் அப்போ கேளுங்க. மனசு மாறினா எப்ப வேணா மாத்தலாம், ரத்து பண்ண வாயால சொன்னாலே பல மாநிலத்துல போதும். விவாகரத்து ஆனா கலிஃபோர்னியா, டெக்ஸஸ் மாதிரி ஊர்ல பழைய துணையோட பேர் தானா அடிபட்டுடும், அப்ப புதுசா ஒருத்தரைப் போடணும். லாக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம், ஞாயித்துக்கிழமை ராத்திரி பேங்க் திறக்காது. ஏஜென்ட்கிட்ட ஒரு காப்பி, டாக்டர்கிட்ட ஒரு காப்பி, ஆஸ்பத்திரி சார்ட்ல ஏத்தச் சொல்லி ஒண்ணு, ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் க்ரூப்ல ஒண்ணு.